தைலம் கிருமியைக் கொல்லுமா? நமக்கு நடந்தது

முத்தியால்பேட்டை, புதுச்சேரி:
போன மாசம் ராத்திரி 11 மணிக்குக் கடைவாய்ப் பல்லில் உயிர் போகிற வலி. நாட்டு மருந்துக் கடையில் வாங்கி வைத்திருந்த கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் நனைத்து அப்படியே கடித்துக்கொண்டேன். 10 நிமிஷத்தில் வலி போன இடம் தெரியவில்லை. காலையில் பார்த்தால் ஈறு வெளுத்துத் தோல் உரிந்திருந்தது. "இதில் இருக்கிற யூஜினாலைத்தான் நாங்களும் துத்தநாக ஆக்சைடோடு குழைத்துத் தற்காலிகமாப் பல் அடைக்கிறோம். வெறும் தைலம் வைத்தால் ஈறு வெந்துடும்மா. வலி மரத்துப்போச்சு, சொத்தை அப்படியேதான் இருக்கு" என்றார் பல் டாக்டர். வேறு யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

திருப்பாதிரிப்புலியூர், கடலூர்:
நீலகிரித் தைலத்தைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். என் தங்கை மகன் பாட்டிலைத் திறந்து கொஞ்சம் குடித்துவிட்டான். அரை மணி நேரத்தில் வலிப்பு. 2 நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தான்.

மஞ்சக்குப்பம், கடலூர்:
அக்கா, எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜியில் எனக்குத் தைலம்தான் புராஜெக்ட். 100 கிராம் ஓமத்தை நொறுக்கித் தண்ணீரோடு 3 மணி நேரம் கொதிக்கவைத்து, வரும் ஆவியைக் குளிரவைத்து வடித்தால், அளவுக் குழாயில் தண்ணீருக்கு மேல் மஞ்சளாக 2 மில்லி மிதக்கும். வாசலில் வளர்ந்த கற்பூரவள்ளியில் ஒரு கிலோ இலைக்கு 1 மில்லிகூடத் தேறவில்லை.

அகார் தட்டில் (கிருமி வளர்க்கும் கூழ் ஊற்றிய தட்டு) கிருமியைப் பரப்பி, 6 மி.மீ. காகித வில்லையில் ஓமத் தைலம் தொட்டு வைத்து, ஒரு ராத்திரி 37 டிகிரியில் விட்டேன். புண்ணில் சீழ் வைக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற கிருமியின் தட்டில் வில்லையைச் சுற்றிக் கண்ணாடி மாதிரித் தெளிவான பெரிய வட்டம். ஓமத்தில் உள்ள தைமால் கிருமியின் சவ்வில் புகுந்து அதைக் குலைத்துவிடும். உள்ளே இருக்கிற பொட்டாசியம் கசிந்து கிருமி சாகும். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஆனால் சூடோமோனாஸ் என்ற இன்னொரு கிருமியின் தட்டில் வில்லையின் விளிம்புவரை பச்சையாகப் படர்ந்து கிடந்தது. அந்தக் கிருமிக்கு வெளியே இன்னொரு சவ்வு காவல். மீறி நுழைந்ததையும் இறைத்து வெளியே தள்ளிவிடும். மூன்று தடவை செய்தேன், மூன்று தடவையும் அதே கதை.

அடுத்த வருஷம் அப்பாவுக்குக் கால் சுண்டுவிரலில் புண். சர்க்கரைக்காரர். அம்மா ஓமத் தைலத்தைத் தேங்காயெண்ணெயில் கலந்து போட்டு வந்தார். நான் அப்போது சென்னையில் வேலையில். போனில் கேட்டபோது, "போடும்மா, கிருமியைக் கொல்லும்" என்று நானேதான் சொன்னேன். எந்தக் கிருமி என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

12 நாள் கழித்து ஊருக்கு வந்து கட்டைப் பிரித்தேன். துணியில் பச்சைச் சீழ், திராட்சை மாதிரி ஒரு இனிப்பு வாடை. லேபில் மாசக்கணக்கில் பழகிய வாடை அது. சீழில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் ரிப்போர்ட்டில் சூடோமோனாஸ் என்று வரும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. விரலை எடுக்க வேண்டியதாயிற்று.

முத்தியால்பேட்டை:
மனசு கஷ்டமா இருக்கு தம்பி. அப்பா இப்போ எப்படி இருக்கார்?

மஞ்சக்குப்பம்:
நடக்கிறார் அக்கா. அம்மா தினம் ராத்திரி டார்ச் அடித்து அவர் பாதத்தை விரல் இடுக்குவரை பார்க்கிறார். சின்னக் கீறல் என்றாலும் காலையிலேயே டாக்டரிடம் கூட்டிப் போய்விடுகிறார்.