மாமனார் குடும்ப மெனோனைட் வரலாறு: மேப்ல ஊரெல்லாம் தப்புத் தப்பா வருது, ஐடியா குடுங்க

விண்ணிபெக்_மருமகள்

வணக்கம் மக்களே. என் வீட்டுக்காரர் மெனோனைட் (ஒரு கிறிஸ்தவப் பிரிவு) குடும்பம், ரொம்ப நாளா கனடாவோட மனிட்டோபா மாகாணத்துலதான் இருக்காங்க. மாமனாருக்கு எண்பதாவது பிறந்தநாள் வருது, அதுக்கு அவங்க முன்னோர் போலந்துப் பக்கம் இருந்து உக்ரைன் போய் அங்கருந்து கனடா வந்த வழியை கூகுள் மேப்ல பின் பின்னா போட்டு, பெரிய பிரிண்ட் எடுத்து ஃப்ரேம் பண்ணிக் குடுக்கலாம்னு ஒரு ஆசை. கையில இருக்குறது ஒரு ஜெர்மன் குடும்ப பைபிள், முதல் பக்கத்துல பேரு, தேதி, ஊருன்னு வரிசையா எழுதி வச்சிருக்காங்க. சிக்கல் என்னன்னா "புளூமெனோர்ட், 1838"னு ஒரு பிறப்பு இருக்கு, மேப்ல அடிச்சா இங்க மனிட்டோபால ஸ்டைன்பாக் பக்கத்துல இருக்குற புளூமெனோர்ட்டைக் காட்டுது, அந்த வருஷம் மனிட்டோபால மெனோனைட்டே கிடையாதே! அதுக்கு முந்தின தலைமுறைக்கு "ஹொய்பூடன்"னு இருக்கு, அது இப்ப ஸ்டோகின்னு யாரோ சொன்னாங்க, அடிச்சா கடற்கரைல போய் நிக்குது. இது போக ஒரு பழைய தாள்ல "நார்த்ஈஸ்ட் 14-2-3 வெஸ்ட்"னு மட்டும் இருக்கு. இதெல்லாம் எப்படி மேப்ல கொண்டு வர்றது? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

பழையமேப்_பிரியன்

சிஸ்டர், மொதல்ல பின் போடுறத நிறுத்துங்க :) மெனோனைட்காரங்க எங்க குடிபோனாலும் ஊர்ப் பேரையும் கூடவே எடுத்துட்டுப் போற ஆளுங்க. புளூமெனோர்ட் பழைய பிரஷ்யால (இப்ப போலந்துப் பக்கம்) ஒண்ணு, உக்ரைன்ல மோலோச்னா காலனில (காலனின்னா பல கிராமம் சேர்ந்த குடியேற்றம்) ஒண்ணு, மனிட்டோபால நீங்க பார்த்தது, மெக்சிகோ போனவங்க அங்கயும் வச்சுட்டாங்க. ரோசனோர்ட், ஷோன்ஃபெல்ட், நோயன்டார்ஃப் எல்லாத்துக்கும் இதே கதைதான். அதனால ஊர்ப் பேரை மட்டும் வச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க, ஊர், காலனி, வருஷம் மூணும் சேர்ந்தாதான் அது முகவரி. ஒரு ஷீட்ல இந்த மூணுக்கும் தனித்தனி காலம் (column) போட்டு, காலனி தெரியாத வரிய காலியாவே விடுங்க.

காலனிய எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னா, கடைசில இருந்து பின்னாடி போங்க. உக்ரைன்ல ரெண்டு தாய்க் காலனி. நீப்பர் ஆத்தங்கரைல 1789ல வந்த கோர்ட்டிட்சா, இன்னைக்கு ஸபோரிஷியா நகரம் அத முழுங்கிடுச்சு. அதுக்குத் தென்கிழக்கே 1804ல ஆரம்பிச்ச மோலோச்னா. கனடாவுக்கு வந்த அலையும் முக்கியமா ரெண்டு, 1874ல ஆரம்பிச்சது ஒண்ணு, புரட்சி, பஞ்சம் எல்லாம் முடிஞ்சு 1923ல இருந்து வந்தது இன்னொண்ணு. உங்க மாமனார் ஆளுங்க எந்த அலைன்னு கேளுங்க, அது தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சது. வயசானவங்க இத ஞாபகம் வச்சிருப்பாங்க, ஏன்னா மொத அலைக்காரங்களும் ரெண்டாவது அலைக்காரங்களும் ரொம்ப காலம் ஒருத்தர ஒருத்தர் வேற ஆளாத்தான் பார்த்தாங்க.

ஹொய்பூடன் விஷயம் நல்ல தமாஷ். போலந்துல ஸ்டோகி ரெண்டு இருக்கு, ஒண்ணு க்தான்ஸ்க் நகரத்துக்குள்ள பீச்சோட இருக்குற ஏரியா, அதோட ஜெர்மன் பேரு ஹொய்பூட. இன்னொண்ணு மால்போர்க் பக்கத்துல சின்ன கிராமம், அதுதான் ஹொய்பூடன். உங்களுக்கு வேண்டியது ரெண்டாவது, ஏன்னா அங்கதான் பெரிய மெனோனைட் சபை இருந்துச்சு, கல்லறைத் தோட்டம் இன்னைக்கும் இருக்கு. சேட்டிலைட் வியூல மால்போர்க்ல இருந்து வயல்வெளி பக்கமா தேடுங்க, பீச் பக்கம் போகாதீங்க. ஒண்ணு கவனிங்க, ஹொய்பூடன்னு எழுதியிருந்தா அது சபையோட பேராவும் இருக்கலாம், வீடு சுத்துவட்டார கிராமம் ஏதோ ஒண்ணுல இருந்திருக்கும். 1776ல பிரஷ்ய அரசாங்கம் எடுத்த மெனோனைட் குடும்பக் கணக்குல கிராமம் வாரியா பேர் இருக்கு, அதுல ஒரு தடவை தேடிப் பாருங்க.

அந்தப் பகுதிக்கு மெஸ்டிஷ்பிளாட்னு பழைய ஜெர்மன் மேப் 1:25,000 அளவுல ஸ்கேன் பண்ணி நெட்ல கிடக்கு, வீடு வீடா புள்ளி வச்சிருப்பான். கூகுள் எர்த் ப்ரோ கம்ப்யூட்டர்ல இலவசம், அதுல அந்த ஸ்கேனை இமேஜ் ஓவர்லேவா போட்டு பாதி ட்ரான்ஸ்பரண்டா வச்சுட்டு, சர்ச், வாய்க்கால் திரும்புற எடம், ரோடு சேருற எடம் இதையெல்லாம் பிடிச்சு நகர்த்தி உக்கார வைங்க. மால்போர்க் பக்கத்து விஸ்டுலா ஆத்து டெல்டால இது நல்லா ஒர்க் ஆகும், தண்ணிய வடிக்க வெட்டின வாய்க்கால் நெறைய இன்னும் அதே எடத்துலதான் ஓடுது, வயலோட ஓரம் கூட பல எடத்துல ஒத்துப் போகும்.

ரொறன்ரோ_வன்னியன்

அக்கா, அந்த நார்த்ஈஸ்ட் 14-2-3 வெஸ்ட் எண்டுறது காணி இலக்கம். நான் சேர்வே வேலையில இருக்கிறபடியா இதை மட்டும் சொல்லுறன். பின்னுக்கு இருந்து வாசிக்க வேணும்: ரேஞ்ச் 3 மேற்கு, ரவுண்ஷிப் 2, செக்ஷன் 14, அதின்ர வடகிழக்குக் கால்பங்கு. ரேஞ்ச் கிழக்கு மேற்கா எண்ணுற வரிசை, ரவுண்ஷிப் தெற்கில இருந்து வடக்க எண்ணுற சதுரக் கட்டம். ஒரு ரவுண்ஷிப்புக்குள்ள 36 செக்ஷன், ஒரு செக்ஷன் ஒரு சதுர மைல், கால்பங்கு 160 ஏக்கர். 1ஆம் செக்ஷன் தென்கிழக்கு மூலையில துவங்கி மேற்க போய், 7இல இருந்து திரும்பிக் கிழக்க வந்து, பாம்பு மாதிரி வளைஞ்சு மேல ஏறும், 36 வடகிழக்கு மூலையில முடியும். உங்கட இலக்கம் மெனோனைட் ஆக்களுக்கெண்டு அரசாங்கம் ஒதுக்கின வெஸ்ட் ரிசேர்வுக்குள்ள, வின்க்லர், அல்டோனா பக்கம் வரும்.

ஆனா அங்க பின் குத்திப்போட்டு இதுதான் அவையின்ர வீடு எண்டு எழுதிப்போடாதேங்கோ. காணி ஆளாளுக்கு அரசாங்கத்திட்ட பதிஞ்சது, இருந்தது எல்லாரும் ஒரே தெருவுக் கிராமத்தில. காணிகளைக் கூட்டாச் சேர்த்துப்போட்டு நீட்டு நீட்டா துண்டு பிரிச்சு கமம் செய்தவை. அதால பதிவில இருக்கிற காணி ஒரு இடத்தில, வீடு ஒண்டிரண்டு மைல் தள்ளிக் கிராமத்தில எண்டு இருக்கும். அல்டோனாவுக்குக் கிட்ட நொய்பெர்க்தால் எண்டு அடிச்சு சேட்டிலைட்டில பாருங்கோ, ஒரு தெரு, ரெண்டு பக்கமும் நீட்டு வளவு, அந்த அமைப்பு இண்டைக்கும் அழியாமக் கிடக்கு, அதாலதான் அதைத் தேசிய வரலாற்று இடமாக்கினவை. காணிப் பதிவு தேட வேணுமெண்டா கனடா தேசிய ஆவணக் காப்பகத்தின்ர தளத்தில 1870 இல இருந்து 1930 வரைக்குமான மேற்குக் கனடா காணிப் பதிவுகள் இருக்கு, அந்த இலக்கத்தை அடிச்சாலே பேர் வரும்.

கார்த்தி_கே

குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும், சின்ன டவுட். 2023ல உக்ரைன்ல ககோவ்கா அணை உடைஞ்சு நீப்பர்ல தண்ணி வத்துச்சே, முழுகிப் போன மெனோனைட் ஊரு எதாவது வெளிய வந்துச்சா? ஐன்லாகேன்னு ஒரு ஊர் தண்ணிக்குள்ள போச்சுன்னு படிச்சிருக்கேன்.

பழையமேப்_பிரியன்

கார்த்தி, ஐன்லாகே வேற அணை ப்ரோ. அது முழுகினது 1932ல முடிஞ்ச நீப்பர் நீர்மின் அணையால, அந்த அணை ஸபோரிஷியாலயே இருக்கு, பழைய ஊர் அதுக்கு மேல்பக்கம். ககோவ்கா அதுக்கு ரொம்பக் கீழ, தண்ணி எறங்கினது கோர்ட்டிட்சா தீவைச் சுத்தியும் அதுக்குக் கீழயும்தான். அதனால ஐன்லாகே இன்னும் தண்ணிக்கு அடிலதான். சேட்டிலைட்ல எவ்வளவு ஜூம் பண்ணினாலும் தெரியாது, 1932க்கு முந்தின மேப்தான் கதி.

விண்ணிபெக்_மருமகள்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, வன்னியன் தம்பி நீங்க சொன்ன மாதிரி எண்ணி எண்ணிப் போய் அந்தக் கால்பங்கைப் பிடிச்சுட்டேன், இப்ப அங்க வெறும் வயல்தான்! மாமனார்கிட்டயும் கேட்டேன். அவரோட அப்பா வழித் தாத்தா 1924ல லிக்டனாவ்ங்குற ஸ்டேஷன்ல ரயிலேறி வந்தாராம், இங்க வந்து மெக்சிகோ போன ஒருத்தரோட பண்ணைய வாங்கியிருக்காங்க. பைபிள் அவங்க வழி. அந்தக் காணித் தாள் அம்மா வழி, அவங்க 1875லயே வந்துட்டாங்களாம். ரெண்டும் ஒரே குடும்பக் கதைன்னு நெனச்சு ஒரே கோட்டுல இழுக்கப் பார்த்தேன், அதான் இடிக்குது.

பழையமேப்_பிரியன்

ஆஹா, இப்ப எல்லாம் செட் ஆகுது. லிக்டனாவ்னா மோலோச்னாவேதான், இப்ப ஸ்விட்லோடோலின்ஸ்கே. அப்ப உங்க 1838 புளூமெனோர்ட் மோலோச்னா புளூமெனோர்ட்டா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அதை மேப்ல அந்தப் பேர்ல தேடாதீங்க, தீகே, ஓர்லோஃப், புளூமெனோர்ட் எல்லாம் ஒட்டி ஒட்டி இருந்த ஊருங்க, இப்ப ஓர்லோவேன்னு ஒரே பேர். மொதல்ல மொலோசான்ஸ்க் போங்க, அதுதான் பழைய ஹால்ப்ஸ்டாட், அங்கருந்து தெற்கே எறங்குங்க. சந்தேகம் தீரணும்னா மோலோச்னாவோட 1835 கணக்கெடுப்பப் பாருங்க, எந்த ஊர்ல எத்தனாவது நம்பர் பண்ணை, பிரஷ்யால எங்கருந்து வந்தாங்கன்னு போட்டிருக்கும், உங்க ஹொய்பூடன் அதுலயே மாட்டலாம். அந்த ஏரியா 2022ல இருந்து ரஷ்யப் படை கையில, நேர்ல போய்ப் பார்க்குற பேச்சே இல்ல, மேப்தான் வழி.

1920கள்ல வந்த குடும்பங்களுக்கு இங்க வந்ததும் ஒரு பதிவு ஃபார்ம் நிரப்பியிருக்காங்க, பிறந்த ஊர், வந்த கப்பல் எல்லாம் அதுல இருக்கும், அது உங்க விண்ணிபெக்லயே மெனோனைட் ஹெரிடேஜ் ஆர்கைவ்ஸ்ல இருக்கு, நெட்லயும் பார்க்கலாம். கிராண்ட்மான்னு ஒரு வம்சாவளி டேட்டாபேஸும் இருக்கு, ஆனா அதுல பேர் மட்டும் பார்த்து இவர்தான்னு பிடிச்சுடாதீங்க, பீட்டர் ஃப்ரீசன், யாகோப் வீபன்னு ஒரே பேர்ல ஏகப்பட்ட பேர், பிறந்த தேதியும் பொண்டாட்டி பேரும் ஒத்துப் போனாதான் எடுங்க. ரஷ்யப் பதிவு பழைய காலண்டர்ல இருக்கும், பன்னெண்டு பதிமூணு நாள் இடிச்சா பதறாதீங்க.

மேப் பண்றப்ப கூகுள் மை மேப்ஸ்ல அப்பா வழிக்கு ஒரு லேயர், அம்மா வழிக்கு ஒரு லேயர், வேற வேற கலர். ஷீட்டை அப்படியே இம்போர்ட் பண்ணலாம், ஆனா ஊர்ப் பேர் காலத்தக் குடுக்காம அட்சரேகை தீர்க்கரேகை காலம் குடுங்க, இல்லன்னா அது பாட்டுக்கு மறுபடியும் ஸ்டைன்பாக் பக்கத்துல கொண்டு போய் வச்சிடும். உயிரோட இருக்குறவங்க பேர் எதையும் பப்ளிக் லிங்க்ல போட்டுடாதீங்க.