ஆர்ஃபியஸ் கதையை ஆரியங்காவு கணவாய்க்குக் கொண்டுவந்தால் நாயகியை எங்கே உட்கார வைப்பது?

சாரல்காற்று:
பாதாளத்துக்குப் போய் மனைவியை மீட்டு வரும் வழியில், கூடாது என்று சொல்லியும் திரும்பிப் பார்த்து அவளை இழக்கும் கிரேக்கப் பாடகன் ஆர்ஃபியஸ் கதையைச் சாலைப் பயணக் காதல் படமாக எழுதுகிறேன். நாயகன் தென்காசிக்காரன். நாயகியைக் கேரளப் பக்கம் புனலூரில் சொந்தக்காரர் வீட்டில் அடைத்து வைத்திருக்கிறார்கள். பைக்கில் கூட்டி வருகிறான், அவள் பின்சீட்டில். மாநில எல்லையான கோட்டைவாசல் தாண்டும்வரை திரும்பிப் பார்க்கக் கூடாது என்று அவள் மாமா நிபந்தனை போடுகிறார். படித்தவர்கள் எல்லாம் "கண்ணாடியில பாத்துக்கலாமே" என்கிறார்கள். கண்ணாடியை உடைத்துவிடலாமா, ரயிலுக்கு மாற்றலாமா?

பதிமூன்றுகண்:
கண்ணாடி சின்னப் பிரச்சினை தம்பி. பின்சீட்டுதான் பெரிய பிரச்சினை. பின்னால் ஆள் இருந்தால் வளைவுக்கு வளைவு எடை தெரியும், பிரேக் போட்டால் முதுகில் வந்து இடிப்பாள். அவனுக்குச் சந்தேகம் எங்கிருந்து வரும்? ரோமானியக் கவிஞர் ஓவிட் இந்தக் கதையில் சொல்லும் பாதை செங்குத்தான ஏற்றம், இருட்டு, மூடுபனி, துளி சத்தம் கிடையாது. அவள் வருகிறாளோ இல்லையோ என்ற பயமும் பார்க்கும் ஆசையும் சேர்ந்துதான் அவனைத் திருப்புகிறது.

அதனால் இரண்டு வண்டி வையுங்கள். அவன் பைக்கில் முன்னால், அவள் கொல்லம்–தென்காசி பஸ்ஸில் பின்னால். இப்போது கண்ணாடி இருக்கட்டும். பஸ் தெரியும், உள்ளே அவள் இருக்கிறாளா என்பது தெரியாது. சொல்லப்போனால் கண்ணாடி அவன் பதற்றத்தைக் கூட்டும்.

இடமும் தானாக அமைகிறது. தென்மலையிலிருந்து கோட்டைவாசல் வரை ஏற்றம். எல்லையில் கருப்பசாமி கோயில். வண்டிக்காரர்கள் நிறுத்திக் கும்பிடும் இடம் என்பதால் அவன் அங்கே நிற்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். எல்லை தாண்டிப் புளியரைக்கு இறங்கினால் எஸ் வளைவு. பாதை மடங்குவதால், இறங்குகிறவன் கழுத்தைத் திருப்பாமலே மேலே வரும் பஸ்ஸைப் பார்த்துவிடலாம். எனவே வளைவுக்கு முன்னாலேயே அவன் திரும்பிவிட வேண்டும். அவன் எல்லையைத் தாண்டிவிட்டான், பஸ் இன்னும் தாண்டவில்லை. இன்னும் ஒரு வளைவு பொறுத்திருக்கலாம் என்பது இந்தப் பக்கத்து ரசிகனுக்குச் சொல்லாமலே விளங்கும்.

ரயில், அவன் புனலூருக்குப் போகும்போது மட்டும். பகவதிபுரம் தாண்டி வரும் சுரங்கம் ஏறத்தாழ 1 கி.மீ.; மணிக்கு 30 கி.மீ. வேகம் என்று வைத்தால் 2 நிமிட இருட்டு. பாதாளத்தில் இறங்க அது போதும், அதன்பின் 13 கண் பாலம். திரும்பும்போது ரயில் கூடாது. தப்பு அவன் கையால் நடக்க வேண்டும், ரயிலை அவன் ஓட்டவில்லை. புனலூரில் பைக்கை இரவல் வாங்கட்டும்.

கொடைவில்லு:
அண்ணாச்சி சொன்னது சரி. ஆனால் நாயகனுக்கு என்ன தொழில் என்றே எழுதவில்லையே! பாட்டால் பாதாளத்தையே அழவைத்தவன் ஆர்ஃபியஸ். இவனை வில்லுப்பாட்டுக்காரன் ஆக்குங்கள். சுடுகாட்டில் நிற்கும் சுடலைமாடனைப் பாடி வரவழைக்கிறவனுக்குப் பாதாளம் புதிதல்ல. வில், குடம், ஜால்ரா, கட்டை எல்லாம் குழுவோடு வருபவை. தனியாகப் போகிறவன் உடுக்கையை மட்டும் தோளில் மாட்டிக்கொள்ளலாம். மேற்குச் சரிவு மழையில் தோல் நமத்து நாதம் இறங்கும். டீக்கடை அடுப்பருகே காட்டிச் சூடேற்றினால்தான் பேசும். அந்தக் காத்திருப்பில் ஒரு காட்சி இருக்கிறது.

நிபந்தனையை மாமா போட்டால் அவர் வெறும் வில்லன், அவள் வெறும் சரக்கு. அவளே சொல்லட்டும்: "பஸ்ஸுல வாறேன். புளியரை வர்ற வரைக்கும் திரும்பவும் கூடாது, போன் பண்ணவும் கூடாது. நானா முடிவெடுத்து வரணும்." போன் தடையைச் சேர்க்காவிட்டால் அவன் கூப்பிட்டுக் கேட்டுவிடுவான், கதை அங்கேயே முடிந்துவிடும்.

இன்னொன்று, கேரளத்தையே பாதாளமாகக் காட்டாதீர்கள். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டையும் அந்தப் பக்கம்தான் இருந்தது. இரண்டு பக்கமும் சம்பந்தம் செய்துகொள்ளும் ஊர்கள் இவை. ஆரியங்காவு ஐயனே மாப்பிள்ளைக் கோலத்தில் நிற்கிறார், மதுரை சௌராஷ்டிரர்கள் பெண் வீட்டாராக வந்து திருக்கல்யாணம் நடத்துகிறார்கள். பாதாளம் அந்த ஒரு வீடு மட்டும்.

சாரல்காற்று:
ரெண்டு பஸ்ஸும் ஓகே அண்ணாச்சி, மன்னிக்கணும், ஒரு பஸ்! முடிவுதான் உதைக்கிறது. காதல் படத்தில் அவளை இழந்துவிட்டு எப்படி முடிப்பது?

பதிமூன்றுகண்:
மூலத்திலேயே வழி இருக்கிறது. இன்னொரு ரோமானியக் கவிஞர் வெர்ஜில் எழுதியதில் ஆர்ஃபியஸின் மனைவி யூரிடிசி, திரும்பிப் பார்த்தவனைக் கேள்வி கேட்கிறாள். ஓவிட்டின் யூரிடிசி குறையே சொல்வதில்லை. இந்தப் பெண்ணுக்கு வெர்ஜில்தான் பொருந்தும். அவள் இறங்கிக் கேட்டுவிட்டு, கொல்லம் போகும் பஸ்ஸில் ஏறிவிடட்டும். 110 பக்கத் திரைக்கதையில் இது 80-ஆம் பக்கத்துக்குள் வரணும். 100-க்குத் தள்ளினால் பிரிவு உறைக்காது.

ஓவிட் நூலின் 11-ஆம் பாகத்தில் இருவரும் மறுபடி சேர்கிறார்கள். சில நேரம் அவள் முன்னால், சில நேரம் அவன். இப்போது திரும்பிப் பார்த்தாலும் பயமில்லை. அவர்களுக்கு அது செத்த பிறகு, உங்களுக்கு அடுத்த சாரல் சீசன். அவள் ஸ்கூட்டரில், அவன் பைக்கில், அதே சாலை.

கொடைவில்லு:
படப்பிடிப்பு ஜூன்–ஆகஸ்ட் வையுங்கள், மூடுபனி இலவசம். நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரை சபரிமலை வண்டிகள், கோட்டைவாசலில் கேமராவே வைக்க முடியாது. முகம் மூடும் ஹெல்மெட் வேண்டாம், மழையில் கண்ணாடி மங்கினால் நடிகரின் கண் தெரியாது. பாலமும் சுரங்கமும் ரயில்வே இடம், அனுமதியை முன்பே கேளுங்கள். மழைக் காட்சிக்கு உடுக்கை இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.