புதுப்பிப்பு: அம்மாவின் இடுப்பு வலிக்கு ஆலோசகர் கிடைத்துவிட்டார்

பாம்பன் கடலில் பாசி எடுத்தே இடுப்பு போன அம்மாவுக்கு, நாள்பட்ட வலியைச் சமாளிக்க உதவும் மனநல ஆலோசகர் கிடைப்பாரா என்று முன்பு கேட்டிருந்தேன். கிடைத்துவிட்டார்!

அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416-க்கு அழைத்தோம். இலவசம், தமிழிலேயே பேசினார்கள். அப்புறம் ராமநாதபுரம் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போனோம். "வலியே இல்ல, எல்லாம் மனசுதான்னு சொல்லிருவாகளோ" என்று அம்மாவுக்கு ஒரே பயம். ஆலோசகர் எடுத்த எடுப்பிலேயே, "உங்க வலி நிஜம்தாம்மா" என்றார். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

வலி ஏறும்வரை இழுத்துப்பிடித்து வேலை செய்யக் கூடாதாம். இப்போது மீன் ஆயும்போது பாதியிலேயே எழுந்து கொஞ்சம் நடக்கிறார். வலி போய்விடவில்லை, தூக்கம் பரவாயில்லை. மாத்திரையும் பிசியோதெரபியும் தொடர்கின்றன. அடுத்த முறை அப்பாவையும் வரச் சொல்லியிருக்கிறார் ஆலோசகர், தண்ணீர்க்குடம் யார் தூக்குவது என்று பேச.