வெள்ளச்சியின் தையலும் 19 நாளும்

பூனைக்குக் கருத்தடை ஆபரேஷன் ஆகி நாலு நாள் ஆகிறது, தையலை நக்கிக்கொண்டே இருக்கிறது, கழுத்தில் புனல் மாதிரி மாட்டுகிற காலரைப் போட்டால் சாப்பிட மறுக்கிறது, என்ன செய்வது என்று நேற்று ஒரு தங்கை கேட்டிருந்தார். போன ஐப்பசியில் நான் பட்ட பாடு அப்படியே கண்முன் வந்து நின்றது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் திருவையாறு பக்கம். வெள்ளச்சி எங்கள் கொல்லை வைக்கோல் போரில் பிறந்தவள். இரண்டு ஈற்று போட்டாள். மழையிலும் தெருநாயிடமும் குட்டிகள் போனதைப் பார்த்து மனசு கேட்கவில்லை. தஞ்சாவூருக்குக் கூடையில் வைத்துக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்துவந்தோம். இடது விலாவுக்குக் கீழே ஒரு அங்குலக் கீறல், மேல் தோலில் நாலு தையல். 10 நாள் கழித்துத் தையல் பிரிக்க வாங்க, அதுவரை நக்க விடாதீங்க, நனைய விடாதீங்க என்று சொல்லி ஒரு பிளாஸ்டிக் காலரை மாட்டி அனுப்பினார்கள். காலரோடு பூனை எப்படிச் சாப்பிடும், எப்படிப் படுக்கும் என்று அவர்களும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

முதல் ராத்திரி முழுக்க அந்தக் காலர் சுவரில் உரசுகிற சத்தம்தான். தலையிலிருந்து அதைக் கழற்றிவிடலாம் என்று பின்பக்கமாகவே நடந்து போய் அரிசி மூட்டையில் முட்டிக்கொண்டு நின்றாள். மறுநாள் பால் சோறு வைத்தேன், மீன் வைத்தேன், ஒன்றும் தொடவில்லை. குனிந்தால் காலர் விளிம்பு தரையில் இடித்துத் தட்டைத் தள்ளிவிடுகிறது. சாயங்காலம் பரிதாபப்பட்டுக் கழற்றிவிட்டேன். நான் பக்கத்தில் இருக்கும்போது வெறுமனே விடுவது, ராத்திரி மட்டும் மாட்டுவது என்று எனக்கு நானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். நாலாம் நாள் களை எடுக்கிற ஆட்களுக்கு டீ கொடுத்துவிட்டு வருவதற்குள் இரண்டு தையலைக் காணோம். புளியங்கொட்டை அளவுக்குத் தோல் வாய் பிளந்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது.

பூனை நாக்கில் விரலை வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது நாக்கு இல்லை, அரம். அதன் மேல் இருக்கிற சின்னச் சின்ன முள் எல்லாம் தொண்டைப் பக்கமாக வளைந்திருக்கும். நம் நகம் எதனால் ஆனதோ அதே கெரட்டின்தான் அந்த முள்ளும். புதுசாக ஒட்டிவருகிற தோலில் அது நாலு தடவை இழுத்தால் போதும், ஒட்டினது பிரிந்துவிடும். நக்கினால் தானே ஆறிவிடும், எச்சிலில் மருந்து இருக்கிறது என்று நம் பக்கம் சொல்வார்கள். அந்த வாயில் இருக்கிற கிருமிகள் நேராகப் புண்ணுக்குள் போகின்றன என்பதுதான் உண்மை.

அத்தை மஞ்சளையும் வேப்பெண்ணெயையும் குழைத்துக்கொண்டு வந்துவிட்டார். "மாட்டுக்கெல்லாம் இதுலதானே ஆறுது, போடுடி" என்றார். அத்தை சொல்வதில் தப்பில்லை, எங்கள் பசுவுக்குக் கொம்பு உடைந்தபோது அப்படித்தான் ஆறியது. ஆனால் மாடு தன் கொம்பை நக்காது. பூனை மேல் எதைத் தடவினாலும் அது பூனையின் வயிற்றுக்குள் தடவியது மாதிரிதான். "ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்து போடுறேன் அத்தை" என்று சொல்லிவிட்டுப் பக்கத்து மாட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

அங்கிருந்த டாக்டரம்மா வயிற்றை விரலால் மெதுவாக அழுத்தி, சுற்றி வீக்கம் இருக்கிறதா, சூடு இருக்கிறதா என்று பார்த்தார். பிறகுதான் பேசினார். "உள்ள சதைக்குத் தனித் தையல் இருக்கும்மா, அது கெட்டியா இருக்கு. மேல்தோல்தான் விட்டிருக்கு. இப்ப இதை இழுத்துத் தைச்சா அழுக்கை உள்ள வச்சு மூடுற மாதிரி ஆயிடும். அடியிலேர்ந்து சதை தானே வளர்ந்து வரும், ஓரத்திலேர்ந்து தோல் ஊர்ந்து வந்து மூடிக்கும். நீங்க செய்ய வேண்டியது ஒண்ணுதான், நாக்கு படக் கூடாது." வலிக்கு ஒரு ஊசி போட்டார், ஐந்து நாளைக்கு மருந்து எழுதினார். வலியும் இழுப்பும் இருந்தால்தான் இன்னும் நக்கும், அதனால் வலியைக் குறைப்பதும் நக்கலைக் குறைக்கிற வழிதான் என்றார். அதற்காக நம் வீட்டு மாத்திரை டப்பாவைத் திறந்துவிடாதீர்கள். ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடும். அதை முறித்து வெளியேற்றுகிற சக்தி பூனையின் ஈரலுக்குக் கிடையாது. டெட்டால், பினாயில் வகையும் அதே காரணத்தால் பூனைக்கு விஷம். ஜிங்க் ஆக்சைடு கலந்த களிம்பும் வேண்டாம் என்று டாக்டரம்மா சொன்னார், நக்கினால் ஆபத்து.

வீட்டுக்கு வந்து முதலில் காலர் பிரச்சினையைத் தீர்த்தேன். மாமாவின் பழைய நெஞ்சு எக்ஸ்ரே பிலிம் ஒன்று பீரோ மேல் கிடந்தது. பிளாஸ்டிக் காலரை விரித்து அளவுக்கு வைத்து அதை வெட்டினேன். கழுத்து ஓரத்தில் துணி பிளாஸ்டர் ஒட்டி, நாடாவால் கட்டினேன். நாடாவுக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும், விளிம்பு மூக்கு நுனியைத் தாண்டி ஒரு கட்டைவிரல் அகலம் நீண்டிருக்க வேண்டும். பிலிம் வளைந்து கொடுக்கும் என்பதால் சுவரில் முட்டினாலும் அவளுக்கு அதிர்ச்சி இல்லை.

சாப்பாட்டுக்குக் காபி டபராவைக் கவிழ்த்து, அதன் மேல் ஊறுகாய் வைக்கிற சின்னத் தட்டை வைத்தேன். தட்டு காலருக்குள் அடங்குகிற அளவு. தலையைக் குனிந்தால் காலர் தட்டைச் சுற்றி இறங்கிக்கொள்கிறது, எதிலும் இடிக்கவில்லை. வேகவைத்த ஜிலேபி மீனை முள் எடுத்து, உப்பில்லாமல் வைத்தேன். ஒரு தட்டு முழுக்கத் தின்றுவிட்டு என்னைப் பார்த்தாள். அத்தனை நாளாக நான் சேர்த்துவைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது. பூனை ஒரு நாளுக்கு மேல் சாப்பிடாமல் இருந்தால் சும்மா விடாதீர்கள், தொடர்ந்து பட்டினி கிடந்தால் ஈரலில் கொழுப்பு சேர்ந்து அதுவே பெரிய நோயாகிவிடும்.

அடுத்துச் சொல்வதுதான் நான் முக்கியமாக எழுத வந்தது. காலர் போட்ட பூனைக்குப் புண்ணை மட்டுமா நக்க முடியவில்லை? முகம் கழுவ முடியவில்லை, காதைத் துடைக்க முடியவில்லை, நாள் முழுக்கச் செய்கிற வேலை நின்றுபோய்விட்டது. வெள்ளச்சி காலருக்குள்ளேயே வெறும் பிளாஸ்டிக்கை நக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதைக் கவனித்த பிறகு காலையும் மாலையும் ஒரு பழைய வேட்டித் துண்டை வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கி, நன்றாகப் பிழிந்து, அவள் முகம், காது, தாடை, நெஞ்சு எல்லாம் முடி போகிற போக்கிலேயே துடைத்துவிட்டேன், புண் பக்கம் போகாமல். தாய்ப்பூனை குட்டியைத் துடைப்பது மாதிரி, சின்னச் சின்ன இழுப்பாக. கண்ணை மூடிக்கொண்டு கழுத்தை நீட்டுவாள். துடைத்து முடித்தால் இரண்டு மணி நேரம் அசையாமல் தூங்குவாள். காலரைத் தட்டுகிற வேலை அந்த வாரத்தோடு நின்றது. நம்மிடம் எல்லாரும் காலர் போடச் சொல்கிறார்கள். காலர் பறித்துக்கொள்கிற வேலையை நாம் செய்து கொடுத்தால்தான் பூனை அந்தக் காலரைப் பொறுத்துக்கொள்ளும்.

புண்ணுக்கு நான் செய்தது மிகக் குறைவு. அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஒரு டீஸ்பூன் உப்புப் போட்டு ஆறவைத்து, கொதிநீரில் போட்டெடுத்த வெள்ளைத் துணியால் ஒரு நாளைக்கு ஒருமுறை ஒற்றி எடுப்பேன். பஞ்சு வேண்டாம், அதன் இழை புண்ணில் ஒட்டிக்கொள்ளும். தேய்க்கவும் கூடாது. ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றினால் நுரைக்கும், பார்க்கச் சுத்தமாகிற மாதிரி இருக்கும், ஆனால் புதுசாக வருகிற சதையையும் அது அரித்துவிடும்.

ஐப்பசி மழை வேறு. ஈ மொய்க்கிற காலம், ஈ உட்கார்ந்தால் புழு வைத்துவிடும். பேரனுக்கு வாங்கின குடைக் கொசுவலையைப் பரணிலிருந்து எடுத்து அவள் படுக்கைக்கு மேல் விரித்துவிட்டேன். அடியில் சாக்கு வேண்டாம் என்று வெளுத்த புடவையை மடித்துப் போட்டு, தினம் மாற்றினேன்.

எட்டாம் நாளிலிருந்து பகலில் பேரனின் பழைய பனியனைப் போட்டேன். முன்காலுக்கு இரண்டு ஓட்டை, வாலடியில் நாடா முடிச்சு, சிறுநீர் போகிற இடம் திறந்திருக்கிற மாதிரி வெட்டு. காலரை விட இது அவளுக்குப் பிடித்தது. ஆனால் ஒரு மதியம் துணியோடு சேர்த்தே நக்கி அந்த இடத்தை ஈரமாக்கி வைத்திருந்தாள். ஈரத் துணி புண்ணின் மேல் இருப்பதும் கெடுதல்தான். ஆகையால் பனியன் என்றால் அடிக்கடி தொட்டுப் பார்க்க வேண்டும், ராத்திரிக்கு மறுபடி காலர்தான்.

தினமும் டார்ச் அடித்துப் பார்ப்பேன். முதலில் குழியின் அடி மாதுளை முத்து நிறத்தில், ஈரமாக, பொடிப் பொடியாகத் தெரிந்தது. எனக்குப் பயம். அந்தச் சிவப்புதான் நல்ல சதை என்று டாக்டரம்மா சொன்ன பிறகுதான் தூக்கம் வந்தது. அப்புறம் ஓரத்திலிருந்து வெங்காயத் தோல் மாதிரி மெல்லிசாக ஒரு வளையம் உள்ளே நகர்ந்து வந்தது. புளியங்கொட்டை உளுந்தாகி, உளுந்து கடுகாகி, 19-ஆம் நாள் மூடிவிட்டது. மிச்சமிருந்த இரண்டு தையலை 12-ஆம் நாளே எடுத்துவிட்டார்கள்.

கேட்ட தங்கைக்கு ஒன்று. பச்சையாகவோ மஞ்சளாகவோ சீழ், கெட்ட வாடை, சுற்றிலும் சூடான வீக்கம், பூனை சுருண்டு கிடப்பது, இதில் எது இருந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். தையலுக்குள்ளிருந்து ஏதாவது பிதுங்கிக்கொண்டு வந்தால் உள் தையல் விட்டுவிட்டது என்று அர்த்தம். ஈரமான சுத்தத் துணியால் மூடி அந்த நிமிடமே ஓட வேண்டும், நாளைக்கு என்று வைக்கக் கூடாது.

*

மன்னார்குடியிலிருந்து நான். அக்கா எழுதியதோடு என் அனுபவத்தையும் சேர்த்துவிடுகிறேன். எங்கள் கடுவன் பூனை சண்டை போட்டுக் கழுத்தில் கடி வாங்கி, அது சீழ்க்கட்டியாகி, கீறி எடுத்தோம். அங்கே நாக்கு எட்டாது, பின்னங்காலால் சொறிந்தே புண்ணாக்கிவிட்டது. பின்னங்கால் நகங்களின் கூர்நுனியை மட்டும் வெட்டி, கைக்குழந்தை சாக்ஸ் இரண்டை மாட்டி, மேலே தளர்வாக டேப் சுற்றினோம். தினம் இரண்டு வேளை கழற்றிப் பாதம் வீங்கவில்லையே என்று பார்த்து மாட்டினோம். புண் ஆறிவிட்டது.

ஆறி ஒரு மாதம் கழித்தும் அதே இடத்தில் சொறிச்சல், முதுகெல்லாம் நக்கி முடி கொட்டல். பழக்க தோஷம் என்று விட்டுவிட்டோம். கடைசியில் ஒரத்தநாட்டுக் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனபோது வெள்ளைத் தாளில் நிறுத்தி முடியைச் சீவினார்கள். மிளகுத் தூள் மாதிரி கறுப்பாக உதிர்ந்தது. ஈரத் துணியால் தொட்டால் செம்பழுப்பாகக் கரைகிறது, தெள்ளுப்பூச்சியின் எச்சம். பூச்சி போனதும் நக்கலும் போயிற்று. ஆபரேஷன் ஆன இடம் ஆறிய பிறகும் நக்கல் நிற்காதவர்கள் இதைச் செய்து பாருங்கள். நாய்க்கு வாங்கின தெள்ளுப்பூச்சிச் சொட்டு மருந்தை மட்டும் பூனைக்குப் போட்டுவிடாதீர்கள், அதில் பெர்மெத்ரின் என்கிற பூச்சிக்கொல்லி இருந்தால் வலிப்பு வந்து உயிரே போய்விடும்.

*

நன்றி தம்பி, தாளில் சீவிப் பார்ப்பது எனக்குப் புதுசு, இன்று சாயங்காலமே வெள்ளச்சிக்குப் பார்க்கிறேன். அவளுக்கு விலாவில் முடி முழுக்க வளர்ந்துவிட்டது, தடவினால் மட்டும் ஒரு நூல் கனத்துக்குத் தழும்பு தட்டுகிறது. எக்ஸ்ரே காலர் இன்னும் ஆணியில்தான் தொங்குகிறது. தங்கை, நீங்கள் திருவையாறு, கும்பகோணம் பக்கம் என்றால் சொல்லுங்கள், கழுவிக் காயவைத்துக் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் பூனையின் கழுத்துக்குப் பெரிசாக இருந்தால் நாடாவை இரண்டு ஓட்டை தள்ளிக் கோத்துக்கொள்ளுங்கள்.