சோலார் வேலி: கடைசி மூலையில் ஷாக் குறையுது, யானை உள்ளே வருது

மேட்டுக்காடு: தாளவாடிப் பக்கம், சத்தியமங்கலம் புலிகள் காப்பக எல்லையை ஒட்டி 3 ஏக்கர் வாழை. வேலிக்கு ஷாக் அனுப்புற மிஷின்கிட்ட 8 கிலோவோல்ட் காட்டுது, ஓடைப் பக்கக் கடைசியில 3-க்கும் கீழ. யானை அந்த மூலையிலதான் வருது. பெரிய மிஷினா மாத்தணுமா?

கம்பிக்கால்: மாத்த வேண்டாம். முதல்ல எர்த்தை, அதாவது மிஷின்ல இருந்து மண்ணுக்குள்ள இறங்குற கம்பிகளைப் பாருங்க. குறைஞ்சது மூணு 6 அடி கம்பி, 10 அடிக்கு ஒண்ணா அடிச்சிருக்கணும். சோதிக்க: மிஷினை நிறுத்திட்டு, 100 மீட்டர் தள்ளி ரெண்டு மூணு இரும்புக் கம்பியைத் தரையில ஊன்றி வேலிக் கம்பியில சாத்துங்க. மிஷினைப் போட்டதும் வேலியில 2 கிலோவோல்ட்டுக்குக் கீழ இறங்கணும். அப்போ எர்த் கம்பிக்கும் ஒரு மீட்டர் தள்ளி உள்ள மண்ணுக்கும் நடுவுல 0.3 கிலோவோல்ட்டுக்கு மேல காட்டினா எர்த் பத்தலை, இன்னொரு கம்பி அடிங்க. கோடையில எர்த் குழி காயவே கூடாது, தண்ணி ஊத்துங்க.

எர்த் சரின்னா, வழியில எங்கேயோ கரண்ட் கசியுது. ராத்திரி டார்ச் இல்லாம வேலியோரம் மெதுவா நடங்க. எங்கே 'டிக் டிக்'னு சத்தத்தோட நீலப் பொறி தெரியுதோ அங்கே இன்சுலேட்டர் விரிஞ்சிருக்கும், இல்லைன்னா உண்ணிச்செடி கம்பியைத் தொட்டுக்கிட்டு இருக்கும். ஒரு ஈர இலை பெருசா ஒண்ணும் பண்ணாது; ஓடையோரம் முழுக்கப் புல் ஏறிட்டா கடைசிக்கு ஒண்ணும் மிஞ்சாது. ரெண்டு பக்கமும் 3 அடி சுத்தமா இருக்கணும்.

கொம்பன்வழி: தந்தத்துல ஷாக் ஏறாது. ஆண் யானை தந்தத்தால கம்பியை அறுக்கும், மரத்தைத் தள்ளி வேலி மேல சாய்க்கும். வேலிக்கு எட்டுற தூரத்துல மரம் நிக்குதான்னு பாருங்க. வேலிக் கம்பங்களை யானை உதைக்காம இருக்க, ஒவ்வொரு கம்பத்துலயும் வெளிப்பக்கமா ஒரு மின்கம்பி நீட்டி விடணும்.

ஆத்தோரம்: எந்தக் கோபத்துலயும் ஈபி கரண்ட்டை நேரா வேலிக் கம்பிக்குக் கொடுத்துடாதீங்க. 2023 மார்ச்சுல தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளிப் பக்கம் அப்படித்தான் மூணு பெண் யானை செத்துச்சு, ரெண்டு குட்டி தவிச்சு நின்னுச்சு. மனுஷங்களும் இப்படிச் சாகறாங்க. அந்த வருஷம் வந்த விதிப்படி, காட்டை ஒட்டின நிலத்துல சோலார் வேலிக்கும் வனத்துறை அனுமதி வேணும்.

மஞ்சக்காடு: எல்லையோரம் வாழை வைக்காதீங்க. மஞ்சள், மிளகாயை யானை தின்னாது. ஆனா அதை மட்டும் நம்பாதீங்க, உள்ளே வாழை வாசம் இருந்தா மஞ்சளை மிதிச்சுக்கிட்டுப் போகும். சேதம் ஆனா ரேஞ்சர் ஆபீஸ்ல எழுதிக் கொடுத்து, அவங்க பார்க்கறவரை சாய்ஞ்ச வாழை மரத்தை வெட்டாதீங்க.

மேட்டுக்காடு: ஓடையில வெள்ளம் வந்தா கீழ்க்கம்பி முழுகுமே?

கம்பிக்கால்: ஓடைத் துண்டுக்குத் தனி சுவிட்ச் வைங்க. வெள்ளத்துல அதை மட்டும் நிறுத்தினா மத்த வேலி ஓடும். அந்த இடத்துல குறுக்குக் கம்பி வேண்டாம், மேல ஒரு கம்பி கட்டி அதுல இருந்து கம்பிகளைத் தொங்க விடுங்க, தண்ணிக்கு ஒரு அடி மேல நிக்கட்டும்.