நிலக்கரித் தூளை என்ன செய்வது?

குழுவினருக்கு வணக்கம். வடகிழக்குப் பென்சில்வேனியாவில் உள்ள எங்கள் வீட்டைச் சூடாக்க, கையால் கரி இடும் அடுப்பில் ஆந்திரசைட் எனப்படும் கடின நிலக்கரியை எரிக்கிறோம். இம்முறை வாங்கிய மூட்டைகளின் அடியில் தூளும் சிறு துண்டுகளும் மிகுதியாக உள்ளன. இந்த வகைக் கரிக்குக் காற்று கீழிருந்து, கட்டிகளுக்கு இடையே புகுந்து மேலேற வேண்டும் என்பதால், தூள் அந்த இடைவெளிகளை அடைத்ததும் நெருப்பு மங்குவதோடு, தேங்கிய வாயு திடீரெனப் பற்றி அடுப்புக் கதவையே அதிரச் செய்கிறது. வீட்டில் கைக்குழந்தை இருப்பதால் எனக்கு இது மிகுந்த அச்சத்தைத் தருகிறது. தண்ணீர் தெளித்தால் புழுதி அடங்குகிறது, ஆனால் தூள் கட்டிகளோடு ஒட்டிக்கொண்டு அடுப்புக்குள்ளேயே போய்விடுகிறது. அரை அங்குலக் கண்ணுள்ள சல்லடையில் சலித்தால் போதுமா? சலித்த தூளை, நன்கு கனன்ற நெருப்பின் மேல் ஒரு மூலையை மூடாமல் விட்டு, சிறிது சிறிதாக இட்டு எரித்தவர்கள் தங்கள் அனுபவத்தைத் தெரிவிக்குமாறு வேண்டுகிறேன்.