64 கோர்களில் பிராஞ்ச் அண்ட் பவுண்ட்: வேலையைப் பகிர்வதில் உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். எல்லா வேலைகளும் ஒரே ஒழுங்கில் பல இயந்திரங்களைக் கடக்கும்போது, மொத்த நேரம் குறைய எந்த வேலையை எதன்பின் செய்வது என்று காணும் ஃப்ளோ ஷாப் வரிசையாக்கச் சிக்கலுக்குத் தோராய விடையை அல்லாமல், உகந்தது என்று நிரூபிக்கப்பட்ட விடையையே காண வேண்டும் என்பதற்காக, வாய்ப்புகளை மரக்கிளைகளாகப் பிரித்து, கையிலுள்ள விடையைவிடச் சிறந்ததைத் தர முடியாத கிளைகளை வெட்டிவிடும் பிராஞ்ச் அண்ட் பவுண்ட் முறையில் சி பிளஸ் பிளஸ் நிரல் ஒன்றை எழுதியுள்ளேன். 20 வேலைகள் என்றாலே ஏறத்தாழ 24,000 கோடி கோடி வரிசைகள் என்பதால், இணைக் கணிப்பு இல்லாமல் தீராது.

8 த்ரெட்கள் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் இழைகள்) வரை வேகம் ஒழுங்காகவே கூடுகிறது. 64 கோர்களில் ஓடவிட்டாலோ, சில நிமிடங்களில் ஏழெட்டுக் கோர்கள் மட்டும் 100 சதவீதத்தில் உழைக்க, மற்றவை தம் கிளைகள் யாவும் வெட்டப்பட்டுவிட்டதால் சும்மா நிற்கின்றன. காத்திருக்கும் கிளைகளுக்கு எல்லா த்ரெட்களுக்கும் பொதுவான ஒரு வரிசையை (queue), ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் அனுமதிக்கும் மியூடெக்ஸ் என்ற லாக்குடன் வைத்துப் பார்த்தேன். லாக்குக்குக் காத்திருப்பதிலேயே நேரம் போய்விட்டது.

50 வேலைகள், 20 இயந்திரங்கள் கொண்ட டயார்டின் (இத்துறையில் பரவலாகப் பயன்படும் சோதனைக் கணக்குகளை உருவாக்கிய ஆய்வாளர்) 56ஆம் கணக்கை, 2006இல் பல ஊர்களின் கணினிகளை இணைத்த பிரான்சின் கிரிட் 5000 கட்டமைப்பில் 25 நாட்கள் ஓடவிட்டு, 3679 என்பதே உகந்த விடை என நிறுவினார்கள். அங்கே கிளைகளின் பட்டியலை அனுப்பாமல், தேடல் மரத்தின் ஒரு பகுதியை இரண்டே எண்களாலான இடைவெளியாகச் சுருக்கி அனுப்பினார்கள் என்பது என்னை மிகவும் கவர்ந்தது.

ஒரே நினைவகத்தைப் பகிரும் கணினியிலும் அந்த இடைவெளி முறை பயன் தருமா, அல்லது ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனி வரிசை வைத்து, வேலை தீர்ந்தது மற்றதிடமிருந்து எடுத்துக்கொள்ளும் முறையே போதுமா? மேலும், நல்ல விடை தற்செயலாக முன்னதாகவே கிடைத்தால் மரமே சிறுத்துவிடுவதால், உகந்த மதிப்பைத் தொடக்க வரம்பாகக் கொடுத்து வேகத்தை அளக்கிறேன். இது முறைதானா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.